ஒன்பதாவது ஆள்

மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகள் இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடை இருக்கும். 2 ஜிபி கார்டைக் கொடுத்தால் ஐம்பது ரூபாய்க்கு வழிய வழிய நிரப்பித் தருவார்கள், என்ன வேண்டும் என்று கேட்கக்கூட மாட்டார்கள், இளையராஜா ஹிட்ஸ், சாமி பாட்டு, குத்துப் பாட்டு, மிச்ச இடத்துக்கு 'இங்கிலீஷ்' என்று ஒரு ஃபோல்டர். 2010இல் டிப்ளமோ முடித்து ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிதில் நான் அப்படி ஒரு கார்டு வாங்கினேன். அந்த இங்கிலீஷ் ஃபோல்டரில் மைக்கேல் ஜாக்சன் நாலு, ஏகான் ரெண்டு, அப்புறம் பெயரே இல்லாமல் 'டிராக் 01', 'டிராக் 02' என்று பன்னிரண்டு பாட்டுகள்.

அந்தப் பன்னிரண்டும் சேர்ந்தால் ஒரு ஆல்பம் என்று தெரியவே எனக்கு ஆறேழு வருடம் ஆனது. நியூயார்க்கைச் சேர்ந்த வூ-டாங் கிளான் என்ற ஹிப்ஹாப் குழுவின் முதல் ஆல்பம் அது. 'என்டர் தி வூ-டாங்: 36 சேம்பர்ஸ்'. வெளியான தேதி 1993 நவம்பர் 9. இதைப் பற்றி உலகத்தில் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். ஆனால் போன மாதம் எங்கள் மாமாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அதிலிருந்து எழுதியே ஆக வேண்டும் என்று ஒரு அரிப்பு.

முதலில் பஸ். எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் விடியற்காலை நாலரைக்கெல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும். ராயக்கோட்டை தாண்டுகிறவரை இருட்டு, ஜன்னல் ஓரம் குளிர், தக்காளிக் கூடை ஏற்றிய டெம்போக்கள் எதிரே வரும். பஸ்ஸில் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். எனக்கு வண்டியில் தூக்கம் வராது. என் சைனா செட்டில் இயர்போன் போட்டுக்கொண்டு என்ன ஓடுகிறதோ அதைக் கேட்பேன். ராப் என்றால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மலேசியாவின் யோகி பி மட்டும்தான், 'வல்லவன்' ஆல்பத்தைக் காலேஜில் தேயத் தேயக் கேட்டவர்கள் நாங்கள். அதனால் இந்தப் பன்னிரண்டு டிராக்கையும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

இங்கிலீஷ் ஒரு வரி புரியாது. இப்பவும் பாதிதான் புரிகிறது, அதுவும் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால். அப்போது நான் கேட்டது குரல்களை மட்டும். ஒரு பாட்டுக்குள் ஒருத்தன் வருவான், மூச்சுவிடாமல் பேசிவிட்டுப் போவான், அவன் முடிப்பதற்குள் இன்னொருத்தன் உள்ளே குதிப்பான். யார் எவர் என்று சொல்ல அட்டை இல்லை, பெயர் இல்லை, படம் இல்லை. சரி, நாமே பெயர் வைப்போம் என்று வைத்துவிட்டேன்.

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒருவன்: 'வெத்தலை'. தொண்டை கரகரவென்று, ஆனால் கேட்கக் கேட்க இனிக்கிற ஒருவன்: 'பீடி'. எப்போதும் ஏதோ களவு போன மாதிரி பதறிக்கொண்டு உச்சக் குரலில் வருகிறவன்: 'பதறி'. கத்திக் கத்தியே கூட்டத்தை உள்ளே தள்ளுகிறவன்: 'கண்டக்டர்'. நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டி வைக்கிறவன்: 'வாத்தியார்'. தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராகப் போகிறவனுக்கு 'தறி' என்றே பெயர். ரெண்டே ரெண்டு பாட்டில் மட்டும் வருகிற ஒரு அடித்தொண்டைக்காரன் 'கிணறு', உள்ளே கல்லைப் போட்டால் வருமே அந்தச் சத்தம். அப்புறம் பாடுகிறானா பேசுகிறானா புலம்புகிறானா என்றே தெரியாத ஒருவன், பாட்டு நடுவில் சுருதி சுத்தமாக விலகி ஓடுவான், கள்ளு குடித்துவிட்டுக் கல்யாண வீட்டுக்கு வந்த சித்தப்பா மாதிரி. அவனுக்கு 'சித்தப்பா'.

எட்டுப் பேர். டிராக் 10இல் எட்டுப் பேரும் வரிசையாக வருவார்கள், விரல் விட்டு எண்ணியிருக்கிறேன்.

அந்த டிராக் 10தான் 'ப்ரொடெக்ட் யா நெக்' என்று பிற்பாடு தெரிந்தது. அவர்களுடைய முதல் சிங்கிளே அதுதான். எந்த கம்பெனியும் கூப்பிடாத நேரத்தில், 1992 கடைசியில், கைக்காசு போட்டுத் தாங்களே வெளியிட்டது. எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி வசூலித்துக் கூத்து வைக்கிற கணக்குதான். என் 'கண்டக்டர்'தான் இதற்கெல்லாம் மூளை. ரிஸ்ஸா. அதற்கு முந்தி வேறு பெயரில் ஒரு கம்பெனியில் பாட்டு வெளியிட்டு, அது ஓடாமல் கழற்றிவிடப்பட்டவர். 'வாத்தியார்' ஜிஸ்ஸா, அவரும் 1991இல் ஒரு ஆல்பம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர். இந்த ரெண்டு பேரும் 'சித்தப்பா' ஓல் டர்ட்டி பாஸ்டர்டும் உறவுக்காரர்கள். பங்காளிகள் ஒன்று கூடி மறுபடி ஆரம்பித்த கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அவர்கள் ஊர். ஸ்டேட்டன் ஐலண்ட். நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளில் ஜனத்தொகை குறைந்தது அதுதான், மன்ஹாட்டனுக்கு நேராகப் போக வேண்டும் என்றால் படகு ஏற வேண்டும். ஹிப்ஹாப் என்றால் பிராங்க்ஸ், புரூக்ளின், குயின்ஸ். ஸ்டேட்டன் ஐலண்டா, அங்கே என்ன இருக்கிறது என்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஊருக்கே 'ஷாவ்லின்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பாட்டுக்குப் பாட்டு ஷாவ்லின், ஷாவ்லின். கேட்டபோது சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தால் நம் பசங்க பைக் பின்னாடி 'தகடூர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சுற்றுவதும் அதே சமாச்சாரம்தான். சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்க்காரன் யாரையாவது கேளுங்கள், 'தர்மபுரியா, பெங்களூர் போறப்ப தாண்டிப் போயிருக்கேன்' என்பதைத் தவிர வேறு பதில் கேட்டிருக்க மாட்டான். அதியமான் ஊருடா இது என்று அவனிடம் சொல்ல முடியாது, ஸ்டிக்கர்தான் ஒட்ட முடியும்.

ஷாவ்லின் எங்கிருந்து வந்தது என்றால் சினிமாவில் இருந்து. ரிஸ்ஸாவும் அவர் பங்காளியும் சின்ன வயதில் மன்ஹாட்டன் 42ஆவது தெருவில் இருந்த மலிவு தியேட்டர்களில் ஹாங்காங் குங்ஃபூ படமாகப் பார்த்துத் தள்ளியவர்கள். ஆல்பத்தின் தலைப்பில் இருக்கிற 36 அறை, 1978இல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தைக் காட்டுகிறது. பாட்டுகளுக்கு நடுவில் வருகிற வாள் சத்தமும் டப்பிங் வசனமும் நிறைய 'ஷாவ்லின் அண்ட் வூ-டாங்' என்ற இன்னொரு படத்தில் இருந்து எடுத்தவை. உடனே யாரும் போதிதர்மரை இழுத்துக்கொண்டு வந்து, பார்த்தாயா எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்று ஆரம்பிக்க வேண்டாம். வாரக் கடைசியில் டிவியில் டப்பிங் குங்ஃபூ படம் பார்த்துவிட்டுத் துவைக்கிற கல் மேல் ஏறி நின்று கையை முறுக்கிய பையன்கள் நம் ஊரிலும் இருந்தார்கள், அங்கேயும் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

36க்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆளுக்கு இதயத்தில் நாலு அறை, ஒன்பது பேர், ஆக முப்பத்தாறு. இந்தக் கணக்கை முதல் தடவை படித்தபோது நான் உட்கார்ந்திருந்த இடத்தில் நிமிர்ந்தேன். ஒன்பதா? எட்டுத்தானே?

ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு நடந்தது இது. 2017 இருக்கும். தேன்கனிக்கோட்டையில் இருந்து வருகிற ஒரு தம்பி எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்திருந்தான், அவன் போனில் இந்தப் பாட்டு ஓடுவதைக் கேட்டு, 'டேய் இது என் டிராக் 08டா' என்று பாய்ந்தேன். 'க்ரீம்'ணா அது, என்றான். அவன்தான் எல்லாப் பெயரையும் சொன்னான். ஒன்பது பேர் என்றான். நான் எட்டு என்றேன். கேன்டீனில் புளிசாதம் ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை. ஏழு வருடம் கேட்டவன் நான், நேற்று வந்தவன் நீ, எனக்கே சொல்லித் தருகிறாயா என்று எகிறினேன். அவன் பேசாமல் யூடியூபில் டிராக் 06ஐப் போட்டான்.

என் கார்டில் அந்தப் பாட்டு கடைசிவரை ஓடாது. 'பதறி' பேசி முடிக்கிற இடத்தில் சடாரென்று நின்று அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். காப்பி பண்ணும்போது பாதியில் பிடுங்கியிருப்பான் போல அந்தக் கடைப் பையன். பாட்டே அப்படித்தான் முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நல்ல முடிவு என்றுகூட நினைத்தேன், என்னத்தைச் சொல்ல. அன்றைக்குக் கேன்டீனில் அந்த இடம் வந்தது, பாட்டு நிற்கவில்லை. உள்ளே ஒரு புது ஆள் வந்தான்.

அவசரமே இல்லாத குரல். மற்ற எல்லோரும் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்கள் என்றால் இவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வருகிறான். மாஸ்டா கில்லா. மொத்த ஆல்பத்திலும் அவர் வருகிற ஒரே இடம் அதுதான், 'டா மிஸ்டரி ஆஃப் செஸ்பாக்சின்' பாட்டின் கடைசி ஆள். குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர். பாட்டு எழுதி அனுபவம் குறைவு, ஜிஸ்ஸாவிடம் பாடம் கேட்டவர். அந்த இடத்துக்கு அவரும் கில்லா ப்ரீஸ்ட் என்ற இன்னொருவரும் போட்டி. ராத்திரி ரெண்டு பேரும் எழுத உட்கார்ந்தார்களாம், ப்ரீஸ்ட் தூங்கிவிட்டார், மாஸ்டா கில்லா தூங்காமல் எழுதி முடித்தார் என்று ஒரு கதை சொல்வதுண்டு. விடியற்காலை நாலரை பஸ்ஸில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஆள் மேல் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது என்றால் புரிந்துகொள்வீர்கள்.

'கிணறு' ஏன் ரெண்டு பாட்டில் மட்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. யூ-காட், பதிவு நடந்த காலத்தில் பெரும்பகுதி ஜெயிலில் இருந்திருக்கிறார்.

ஆல்பத்தின் அட்டையையும் அன்றுதான் பார்த்தேன். ஏழு வருடமாக முகம் தெரியாமல் கேட்டவர்களை ஒருவழியாகப் பார்க்கப் போகிறோம் என்று பார்த்தால், எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்! போட்டோ எடுக்கிற அன்று எல்லாரும் வந்து சேரவில்லை, அதனால்தான் முகமூடி என்று ஒரு பேச்சு.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் சைனா செட்டும் திருட்டு எம்பித்ரீயும் சேர்ந்துதான் பாட்டை இப்படிப் புழுதியாக்கி வைத்திருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நல்ல ஹெட்போனில் கேட்டாலும் அதே புழுதி. ஃபயர்ஹவுஸ் என்ற ஸ்டூடியோவில், காசில்லாமல் பதிவு செய்தது. ரிஸ்ஸா பழைய இசைத்தட்டில் இருந்து ரெண்டு செகண்ட், நாலு செகண்ட் என்று வெட்டி, சாம்பிளரில் போட்டுச் சுற்றவிட்டு, அதன் மேல் தரையில் உலக்கை இடிக்கிற மாதிரி ஒரு டிரம். 'க்ரீம்' பாட்டில் மறுபடி மறுபடி வருகிற அந்தப் பியானோ, தி சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு 1967இல் பாடிய ஒரு காதல் பாட்டின் துண்டு. 'டியர்ஸ்' பாட்டில் அழுகிற பெண் குரல் வெண்டி ரெனி, 1964. ரெண்டுமே மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கம்பெனியின் சரக்கு. அந்தக் காதல் பாட்டை எடுத்து, காசுதான் எல்லாவற்றையும் ஆள்கிறது என்கிற பாட்டுக்கு அடியில் போட்டிருக்கிறார் மனுஷன். 'வெத்தலை' ரேக்வானும் 'தறி' இன்ஸ்பெக்டா டெக்கும் ஆளுக்கொரு பத்தி, நடுவில் 'பீடி' மெத்தட் மேன் பல்லவி. சின்ன வயதிலேயே போதைப் பொருள் விற்று, ஜெயிலுக்குப் போய், வெளியே வந்து நிற்கிற கதை. அர்த்தம் தெரியாமல் கேட்ட காலத்திலேயே அந்தப் பாட்டு வந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன், மற்ற பாட்டுகளுக்குத் தலை ஆட்டுவேன்.

குறை இல்லாமல் இல்லை. கெட்ட வார்த்தை கணக்கில்லை, அதைக்கூட விடலாம். ரெண்டு பாட்டின் பெயரையே சபையில் சொல்ல முடியாது, பெண்களைப் பற்றிப் பேசுகிற சில இடங்களில் எனக்கு முகம் சுளிக்கும். 'மெத்தட் மேன்' பாட்டுக்கு முன்னால் ஒருத்தனை ஒருத்தன் எப்படியெல்லாம் சித்திரவதை செய்வேன் என்று போட்டி போட்டுச் சொல்லுகிற ஒரு பேச்சு வரும், ஒரு தடவை கேட்டால் சிரிப்பு, பத்தாவது தடவை தாவிப் போகத்தான் தோன்றும். கடைசிப் பாட்டு ஏற்கெனவே வந்த ஒரு பாட்டின் இன்னொரு வடிவம், எனக்கு அது இல்லாவிட்டாலும் சரி.

வியாபாரக் கதையும் சுவாரசியம்தான், சுருக்கமாக. லௌட் என்ற கம்பெனி குழுவை எடுத்துக்கொண்டபோது ரிஸ்ஸா ஒரு நிபந்தனை போட்டார்: குழு உங்களுக்கு, ஆனால் ஒவ்வொருத்தனும் தனியாக எந்த கம்பெனிக்கு வேண்டுமானாலும் போவான். அப்படியே மெத்தட் மேன் டெஃப் ஜாமுக்கும், சித்தப்பா எலெக்ட்ராவுக்கும், வாத்தியார் கெஃபனுக்கும் போனார்கள். ஆல்பம் வந்தபோது பில்போர்டு பட்டியலில் 41ஆவது இடத்துக்கு மேல் ஏறவில்லை. 1995இல் பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் பிரதி. 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டது. சித்தப்பா அதைப் பார்க்க இல்லை, 2004 நவம்பரிலேயே போய்விட்டார்.

இனி மாமா.

என் தாய்மாமா கூத்து வாத்தியார். மிருதங்கமும் அடிப்பார், ஆள் குறைந்தால் வேஷமும் கட்டுவார். சின்ன வயதில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு ராத்திரி முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், விடிந்ததும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பானே, அந்தத் தொடை உயரம்கூட நான் இருக்க மாட்டேன். கூத்தில் ஒரு வேஷம் எப்படி வரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையில் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வரும். நான் யார், எந்த நாட்டு ராஜா, என் வில் எப்பேர்ப்பட்டது, என் எதிரே நின்றவன் கதி என்ன என்று தன் பெருமையைத் தானே பாடுவான். ஜனம் குரலை வைத்தே, ஆ, கர்ணன் வந்தாச்சு என்று நிமிர்ந்து உட்காரும். அப்புறம்தான் திரை விலகும். அவன் அடங்குவதற்குள் அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால் தயார்.

நான் அந்தப் பஸ்ஸில் ஒரு வரி புரியாமல் பாட்டுக் கேட்டது இப்படித்தான் என்பது எனக்கு ரொம்ப வருடம் உறைக்கவே இல்லை. மாமா வீட்டுத் திண்ணையில் போன மாதம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தபோது, ஒரு காதில் இயர்போனைச் செருகிவிட்டு டிராக் 06ஐப் போட்டேன்.

ஆரம்பத்தில் படத்து வசனம். சதுரங்கமும் வாள்சண்டையும் ஒன்று என்கிற மாதிரி ஒரு பேச்சு.

"என்ன மாப்ள, சூதாட்டமா?"

"சதுரங்கம் மாமா."

"சரி, ஏதோ ஒரு ஆட்டம்."

'கிணறு' வந்தபோது புருவத்தைத் தூக்கினார். ராஜா வேஷம்டா இது, என்றார். கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. 'தறி', 'வெத்தலை' என்று போகப் போகத் தலையை மட்டும் ஆட்டினார். சித்தப்பா வந்து குரலை இழுத்து உருட்டியதும் சிரித்து, வாயிலிருந்த வெற்றிலை தெறித்து, இயர்போனையே கழற்றிவிட்டார்.

"கட்டியங்காரனை இவ்ளோ நேரம் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தாங்க?"

மறுபடி மாட்டிக்கொண்டார். 'பதறி' வந்து போனான். என் கார்டு நின்றுபோகிற அந்த இடம் வந்தது. இன்றைக்கும் அங்கே எனக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். மாஸ்டா கில்லா ஆரம்பித்தார். மாமா கையைத் தொடையிலிருந்து எடுத்துவிட்டார். முடிகிறவரை அசையவில்லை.

"இந்தக் கடைசிப் பையன் புதுசா?"

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. எப்படி மாமா தெரியும் என்றேன்.

"பழகினவனா இருந்தா இந்நேரத்துக்கு ஓடியிருப்பான். இவன் எண்ணி எண்ணிக் கால் வைக்கிறான். முதல் நாள் வேஷம் கட்டறவன் அப்படித்தான் வருவான். நல்லா வருவான் இவன். வயசு என்ன?"

"இப்ப ஐம்பதைத் தாண்டியிருக்கும் மாமா. பாட்டு வந்தே முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அட போடா," என்று இயர்போனைக் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விட்டார். சரி, அவ்வளவுதான் போல என்று நானும் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் ஷிப்டு முடிந்து பஸ் ஏறும்போது அத்தையிடமிருந்து போன். உங்க மாமா காலையில இருந்து போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, அந்தச் சீனாக்காரன் பாட்டை எப்படிப் போடறதுன்னு கேக்கறாரு, என்ன எழவுப் பாட்டுடா அது?